லண்டனில் வாடகை வீடு தேடும் புதியவர்களுக்கு: உதவித்தொகைக் கணக்கு, துண்டு விழும் பணம், வீடு கையை விட்டுப் போகும்போது செய்ய வேண்டியவை

வாடகைக்கு அரசு உதவி கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கிடைக்கும்தான். ஆனால் நீங்கள் கொடுக்கிற வாடகை முழுவதும் வராது. நீங்கள் குடியிருக்கும் வட்டாரத்துக்கு என்று அரசு ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதற்குள்தான் வரும். அந்த வரம்புக்குப் பெயர் லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ், சுருக்கமாக எல்எச்ஏ. ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ, டூட்டிங் என்று நம்மவர்கள் வந்து இறங்கும் இடங்களிலெல்லாம் வாடகை அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. வீட்டைப் பார்த்து, பிடித்துப்போய், சீட்டுக் காசை எடுத்து முன்பணமும் கட்டிவிட்டு, அதற்குப் பிறகு இந்த எண்ணைத் தேடுகிற குடும்பங்கள்தான் சில மாதங்களில் வாடகை பாக்கியோடு வந்து நிற்கின்றன. முதலில் எண், பிறகு வீடு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வாடகைச் சட்டமும் வீடிழந்தோருக்கான சட்டமும் வேறு.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் விசா

மாணவர் விசா, வேலை விசா, துணைவர் விசா இவற்றில் பெரும்பாலும் 'பொதுநிதி உதவி பெறக்கூடாது' என்ற நிபந்தனை இருக்கும். யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை, வாடகைப் பங்கும் இதில்தான் வரும்), ஹவுசிங் பெனிஃபிட் (கவுன்சில் வழியாக வரும் வாடகை உதவி), வீடிழந்தோருக்குக் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) தரும் வீட்டு உதவி எல்லாமே அந்தப் பொதுநிதியில் அடங்கும். அந்த நிபந்தனையோடு விண்ணப்பித்தால் பணம் கிடைக்காது என்பதோடு நிற்காது, விசா மீறலாகவும் ஆகிவிடும். "நான் போட்டேன், எனக்கு வந்தது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுப் போட வேண்டாம். அவருடைய விசா வேறாக இருக்கலாம். குடும்பம் நிஜமாகவே நடுத்தெருவுக்கு வரும் நிலை என்றால் சில விசாக்களில் அந்த நிபந்தனையை நீக்கச் சொல்லி ஹோம் ஆபீஸுக்கு (உள்துறை அமைச்சகம்) விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதைத் தகுதி பெற்ற குடிவரவு ஆலோசகர் மூலமாகத்தான் செய்ய வேண்டும். குழந்தை இருந்தால் இன்னொரு கதவும் உண்டு: 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம், பிரிவு 17. பெற்றோரின் விசா எதுவானாலும், தேவையில் இருக்கும் குழந்தையின் நிலையைக் கவுன்சிலின் சமூகசேவைப் பிரிவு மதிப்பிட்டாக வேண்டும். இதை அவர்களாக முன்வந்து சொல்வது அபூர்வம், நீங்கள்தான் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அகதி அந்தஸ்து கிடைத்தவர்களுக்கு முழு உரிமை உண்டு, ஆனால் நேரம்தான் இல்லை. ஹோம் ஆபீஸ் கொடுத்த இருப்பிடத்தை விட்டு வெளியேற 28 நாளா 56 நாளா என்பது 2024 டிசம்பரிலிருந்து மாறி மாறி வந்திருக்கிறது. அதனால் உங்கள் கடிதத்தில் போட்டிருக்கும் தேதியை மட்டும் நம்புங்கள். முடிவுக் கடிதம் வந்த அன்றே யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பியுங்கள், அதே நாள் கவுன்சிலுக்கும் எழுதுங்கள். ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கடைசியாக ஹோம் ஆபீஸ் உங்களை எந்த ஊரில் வைத்திருந்ததோ அந்த ஊர்க் கவுன்சிலோடுதான் சட்டப்படி உங்களுக்கு உள்ளூர்த் தொடர்பு. வடக்கே எங்கேயோ இருந்துவிட்டு, சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று நேரே லண்டனுக்கு வந்து இங்கே உதவி கேட்டால், திருப்பி அங்கேயே அனுப்பக்கூடும்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிப்பது

எல்எச்ஏ டைரக்ட் என்று தேடினால் அரசின் பக்கம் வரும். அதில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அந்த வட்டாரத்தின் வாராந்தர, மாதாந்தர வரம்புகள் தெரியும். நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்தின் குறியீட்டைப் போடாதீர்கள், வாடகைக்குப் பார்க்கும் வீட்டின் குறியீட்டைப் போடுங்கள். வட்டார எல்லைகள் கவுன்சில் எல்லைகளோடு ஒத்துப்போவதில்லை. சில இடங்களில் ரோட்டைத் தாண்டினால் எண் மாறிவிடும்.

எத்தனை படுக்கையறைக்கு உங்களுக்குத் தகுதி என்பதுதான் அடுத்தது. கணவன் மனைவிக்கு ஒரு அறை. 16 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு அறை. 16க்குக் கீழே இரண்டு ஆண் பிள்ளைகள் என்றாலோ இரண்டு பெண் பிள்ளைகள் என்றாலோ இருவருக்கும் சேர்த்து ஒரு அறை. 10 வயதுக்குக் கீழே இருந்தால் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் ஒரு அறைதான். எவ்வளவு பெரிய குடும்பமானாலும் நான்கு அறைக்கு மேல் கணக்கில்லை. ஒன்பது வயது மகனும் ஏழு வயது மகளும் இருக்கும் வீட்டுக்கு இரண்டு அறை வரம்பு. மகனுக்குப் பத்து வயது ஆனதும் அதே குடும்பத்துக்கு மூன்று அறை வரம்பு. அறை எண்ணிக்கை மாறும் வயதுகளை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு, உங்கள் கணக்கில் அது மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

35 வயதுக்குக் கீழே, தனி ஆள், பிள்ளை இல்லை என்றால் ஒரு அறை வீட்டு வரம்பு கூடக் கிடையாது. பகிர்ந்து வாழும் வீட்டில் ஒரு அறைக்கான வரம்புதான், அதுதான் எல்லாவற்றிலும் குறைவு. விதிவிலக்குகள் இருக்கின்றன: வீடிழந்தோர் விடுதியில் மொத்தம் மூன்று மாதம் இருந்தவர்கள், குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள், கவுன்சில் பராமரிப்பில் வளர்ந்து இன்னும் 25 வயது ஆகாதவர்கள், சில ஊனமுற்றோர் உதவித்தொகை பெறுபவர்கள். இதில் நீங்கள் வந்தால் யூனிவர்சல் கிரெடிட் ஜர்னலில் (உங்கள் இணையக் கணக்கில் அவர்களுக்குச் செய்தி எழுதும் பக்கம்) எழுத்தில் சொல்லுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்துக் கொடுக்க மாட்டார்கள்.

வார வாடகையை மாத வாடகையாக்கும்போது நம்மில் பலர் நான்கால் பெருக்கிவிடுகிறோம். வருடத்தில் 52 வாரம். வாரம் 300 பவுண்டு என்றால் 52ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும், மாதம் 1,300 வரும். நான்கால் பெருக்கினால் 1,200. அந்த நூறு பவுண்டு வித்தியாசம் மாதாமாதம் கையைக் கடிக்கும்.

இப்போது ஒரு கணக்கு, எண்கள் புரிதலுக்காக மட்டும். வீட்டுக்காரர் கேட்பது 1,650. உங்கள் வரம்பு 1,300. மீதி 350ஐ நீங்கள்தான் போட வேண்டும். சம்பளத்திலிருந்து போட முடிந்தால் சரி. முடியாவிட்டால் சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் பிள்ளைகளின் சப்பாத்துக்கும் வரும் பணத்திலிருந்துதான் போகும், ஏனென்றால் வேறு பணம் என்று ஒன்று இல்லை. வாடகை வரம்பைவிடக் குறைவாக இருந்தாலோ, உண்மையான வாடகை மட்டும்தான் தருவார்கள், மிச்சம் கையில் வராது.

ஏன் இவ்வளவு பெரிய துண்டு விழுகிறது

இது உங்கள் திறமைக் குறைவால் வந்ததில்லை, அதனால் காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2008இல் இந்த முறையை நாடு முழுக்கக் கொண்டுவந்தபோது, ஒரு வட்டாரத்து வீடுகளில் பாதி இந்த வரம்புக்குள் வரும்படி வைத்தார்கள். 2011இல் அதைக் குறைத்தார்கள்: நூறு வீட்டை வாடகை ஏறுவரிசையில் நிறுத்தினால் முப்பதாவது வீடு வரைதான். அதையும் ஒழுங்காக ஏற்றவில்லை. 2016இலிருந்து நான்கு வருடம் உறைந்து கிடந்தது, 2020இல் மறுபடி முப்பதுக்குக் கொண்டுவந்தார்கள், உடனே இன்னொரு உறைவு. 2024 ஏப்ரலில் ஒரு தடவை ஏற்றினார்கள், 2025 ஏப்ரலில் ஏற்றவில்லை. இதற்கிடையில் வாடகை நிற்கவில்லை. 2024 மார்ச்சோடு முடிந்த ஒரு வருடத்தில் மட்டும் நாடு முழுக்க தனியார் வாடகை 9.2 சதவீதம் ஏறியது, 2025இல் லண்டனின் சராசரி மாத வாடகை 2,200 பவுண்டைத் தாண்டியது. இன்னொன்று, அந்த முப்பதாவது வீட்டைக் கணக்கிடுவது ஏற்கெனவே குடியிருப்பவர்கள் கொடுக்கும் வாடகைகளை வைத்து. இன்று சந்தைக்கு வரும் வீடு அதைவிட எப்போதும் கூடுதல். 2023 தொடக்கத்தில் ஸூப்லா என்ற வீட்டு விளம்பர இணையதளத்தில் வந்த வாடகை வீடுகளில் வெறும் 5 சதவீதம்தான் வரம்புக்குள் வந்தன என்று ஐஎஃப்எஸ் ஆய்வு நிறுவனம் கணக்குப் போட்டுச் சொன்னது. நூற்றுக்கு ஐந்து வீடு. அதற்குத்தான் எல்லோரும் அடித்துப்பிடித்து ஓடுகிறார்கள்.

இதன் முடிவு எங்கே போய் நிற்கிறது என்றால், 2025 ஜூன் இறுதியில் இங்கிலாந்தில் 1,32,410 குடும்பங்கள் கவுன்சில் கொடுத்த தற்காலிக இருப்பிடங்களில் இருந்தன, அவற்றில் 1,72,420 குழந்தைகள். அந்தத் தற்காலிக இருப்பிடத்துக்காக மத்திய அரசு கவுன்சில்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் தொகையோ இன்னும் 2011 ஜனவரி வரம்பின் 90 சதவீதத்தில் நிற்கிறது. மீதியைக் கவுன்சில் தன் கையிலிருந்து போடுகிறது. கவுன்சில் மேசையில் உட்கார்ந்திருப்பவர் உங்களை எப்படியாவது திருப்பி அனுப்பப் பார்ப்பதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. அவர்மேல் கோபப்பட வேண்டாம், திரும்பிப் போகவும் வேண்டாம்.

யூனிவர்சல் கிரெடிட் போடும்போது

விண்ணப்பித்து முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். இடையில் முன்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் பிடிப்பார்கள். வாடகைப் பங்கும் உங்கள் கணக்குக்கே வரும், வீட்டுக்காரருக்கு நேரே போகாது. வந்த அன்றே வாடகையை அனுப்பிவிடுங்கள். பாக்கி சேர்ந்துவிட்டாலோ உங்களால் பணத்தைப் பிரித்து வைக்க முடியாத நிலை இருந்தாலோ வீட்டுக்காரருக்கு நேரே கொடுக்கச் சொல்லிக் கேட்க வழி உண்டு.

கையிருப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் யூனிவர்சல் கிரெடிட் இல்லை, 6,000க்கு மேல் இருந்தால் குறையும். ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் காணி, வீடு, வங்கிப் பணம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மறைத்துப் பிறகு தெரியவந்தால் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். ஊரில் உறவினர் குடியிருக்கும் வீடு போன்றவற்றுக்குச் சில சலுகைகள் உண்டு, அதனால் சொல்லிவிட்டு ஆலோசனை கேட்பதே நல்லது.

21 வயதுக்கு மேற்பட்ட மகனோ தம்பியோ கூட இருந்தால், அவர் பங்காக மாதம் 90 பவுண்டுக்கு மேல் உங்கள் வாடகை உதவியில் கழிப்பார்கள், அவர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். இதை வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

அப்புறம் பெனிஃபிட் கேப் (மொத்த உதவித்தொகைக்கு உச்சவரம்பு) என்று ஒரு மூடி இருக்கிறது. வேலை இல்லாத அல்லது மிகக் குறைவாகச் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு லண்டனில் எல்லா உதவியும் சேர்த்து வருடம் 25,323 பவுண்டு, அதாவது மாதம் சுமார் 2,110. தனி ஆளுக்கு வருடம் 16,967. மூன்று பிள்ளைகளோடு ஒரு தம்பதி 1,800 பவுண்டு வாடகை வீட்டில் இருந்து, இந்த மூடிக்குள் மாட்டிக்கொண்டால் ஐந்து பேருக்கு மாதம் முழுக்க 310 பவுண்டு மிஞ்சும். இது எனக்குத் தாங்க முடியாத அநியாயமாகப் படுகிறது, ஆனால் சட்டம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது. மூடியைத் தூக்க வழி வேலைதான்: கணவன் மனைவி இருவரின் கைக்கு வரும் சம்பளமும் சேர்ந்து ஒரு அளவைத் தாண்டினால் மூடி போய்விடும், 2025-26இல் அந்த அளவு மாதம் 846 பவுண்டு. பிப் போன்ற ஊனமுற்றோர் உதவித்தொகை, பராமரிப்பாளர் உதவி வாங்கும் வீடுகளுக்கும் மூடி கிடையாது.

ஓய்வூதிய வயதைத் தாண்டியவர்களுக்கு யூனிவர்சல் கிரெடிட் இல்லை, அவர்கள் கவுன்சிலில் ஹவுசிங் பெனிஃபிட் கேட்க வேண்டும். கவுன்சில் கொடுத்த தற்காலிக இருப்பிடத்தில் இருப்பவர்களும் வாடகைக்கு ஹவுசிங் பெனிஃபிட்தான் போட வேண்டும். பலர் யூனிவர்சல் கிரெடிட்டே போதும் என்று நினைத்து விட்டுவிட்டுப் பெரிய பாக்கியில் விழுகிறார்கள்.

நம்மவர் வீட்டில் அறை எடுக்கிறீர்களா

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தொடங்குகிறார்கள். கடைக் கண்ணாடியில் ஒரு அட்டை ஒட்டியிருக்கும்: "அறை வாடகைக்கு. பில்ஸ் உட்பட. தனி ஆள். ஸ்டேஷனுக்குப் பக்கம்." கீழே ஒரு மொபைல் எண். போய்ப் பார்த்தால் முன்னறையைப் பலகை வைத்து இரண்டாக்கியிருப்பார்கள், உங்கள் பங்குக்குப் பாதி ஜன்னல். ஒப்பந்தம் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "தம்பி, பேப்பர் எல்லாம் என்னத்துக்கு? எங்கட ஆக்கள்தானே, நம்பி இருங்கோ." வாடகை கையில் காசாக, ரசீது கிடையாது.

அந்த மனிதர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் காகிதம் இல்லாவிட்டால் யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பங்கை நிரூபிக்க முடியாது. நாளைக்குக் கவுன்சிலில் போய் நிற்கும்போது, இந்த ஊரில் கடந்த 12 மாதத்தில் 6 மாதம் இருந்தேன் என்று காட்டவும் உங்களிடம் ஒன்றும் இருக்காது. ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: யார் பெயர், எந்த முகவரி, எவ்வளவு வாடகை, எந்தத் தேதியிலிருந்து, இருவர் கையெழுத்து. வாடகையை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள், குறிப்பில் 'வாடகை' என்றும் மாதத்தையும் போடுங்கள். காசாகத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கொடுத்த உடனே "இன்று இந்த மாத வாடகை இவ்வளவு கொடுத்தேன் அண்ணா" என்று வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள். அவர் ஒரு கட்டைவிரலைப் போட்டால்கூட அது சாட்சி.

வீட்டுக்காரர் அதே வீட்டில் வசிக்கிறாரா என்று பாருங்கள். அவரோடு சமையலறையோ குளியலறையோ பகிர்ந்தால் நீங்கள் லாட்ஜர். நியாயமான அவகாசம் கொடுத்து, நீதிமன்றம் போகாமலே உங்களை அனுப்பிவிட முடியும். வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்த ஒருவர் தானும் இருந்துகொண்டு உங்களுக்கு ஒரு அறையை விட்டிருந்தாலும் இதே நிலைதான். வீட்டுக்காரர் வேறு இடத்தில் இருந்து, நீங்கள் மற்ற வாடகைக்காரர்களோடு மட்டும் பகிர்ந்தால் உங்கள் உரிமை மிகவும் பலமானது, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் வெளியேற்ற முடியாது. லாட்ஜரும் வாடகை உதவி கேட்கலாம். ஆனால் அதே வீட்டில் இருக்கும் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, மாமனார், மாமியார் போன்ற நெருங்கிய உறவினருக்கு வாடகை கொடுக்கிறேன் என்றால் உதவி இல்லை.

ஐந்து பேரோ அதற்கு மேலோ, ஒரே குடும்பம் அல்லாதவர்கள் இருக்கும் வீட்டுக்கு உரிமம் கட்டாயம். பல லண்டன் கவுன்சில்கள் சாதாரண வாடகை வீட்டுக்கும் உரிமம் கேட்கின்றன, நியூஹாம் 2013இலேயே தொடங்கிவிட்டது. கவுன்சில் இணையதளத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். உரிமம் இல்லாத வீட்டுக்குக் கொடுத்த வாடகையைத் தீர்ப்பாயம் மூலம் திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது.

கையெழுத்துப் போடும் நாள்

வைப்புத்தொகை ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, வீட்டைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. ஏஜென்ட் கட்டணம், ஒப்பந்தக் கட்டணம் எல்லாம் 2019இலிருந்து தடை. வைப்புத்தொகையை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் போட்டு உங்களுக்குத் தகவல் தர வேண்டும், தராவிட்டால் ஒன்றிலிருந்து மூன்று மடங்கு வரை வழக்குப் போட்டு வாங்கலாம். உள்ளே போகும் அன்றே சுவரில் இருக்கும் பூஞ்சை, உடைந்த கைப்பிடி, மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு மெயிலில் அனுப்புங்கள்.

2026 மே 1 முதல் இங்கிலாந்தில் புதிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டிக் கேட்கக் கூடாது, விளம்பரப்படுத்திய வாடகைக்கு மேல் ஏலம் விடக் கூடாது. பெனிஃபிட் வாங்குபவர், பிள்ளை இருப்பவர் என்பதற்காக மறுக்கவும் கூடாது. (பெனிஃபிட் காரணமாக ஒட்டுமொத்தமாக மறுப்பது பாகுபாடு என்று 2020இலேயே யார்க் நீதிமன்றம் சொல்லிவிட்டது.) மறுப்பவர்கள் வேறு காரணம் சொல்லி மறுப்பார்கள், அது உண்மைதான். ஆனாலும் "பெனிஃபிட்காரர்களுக்கு இல்லை" என்று எழுத்தில் வந்தால் அழித்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையை ஏற்றினால், பாக்கி விழுந்தால்

புதிய சட்டத்தில் வருடத்துக்கு ஒரு தடவைதான் ஏற்றலாம், உரிய படிவத்தில், இரண்டு மாத முன்னறிவிப்போடு. வாயால் சொன்னதோ வாட்ஸ்அப்பில் வந்ததோ செல்லாது. கூடுதல் என்று பட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வீட்டுக்காரர் கேட்டதைவிடக் கூட்டி அவர்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது, அதனால் போய்ப் பார்ப்பதில் இழப்பு இல்லை. முறையாக ஏறிய வாடகையை யூனிவர்சல் கிரெடிட்டில் அந்த மாதக் கணக்கு முடிவதற்குள் பதிவு செய்துவிடுங்கள்.

துண்டு விழும் தொகைக்குக் கவுன்சிலில் கூடுதல் உதவி கேட்கலாம். டிஸ்க்ரீஷனரி ஹவுசிங் பேமென்ட் என்று இருந்தது, 2026 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் அது க்ரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்டுக்குள் அடங்கும். வரவு செலவைக் கேட்பார்கள். ஊருக்கு அனுப்பும் பணம், கோயில் காணிக்கை, சீட்டு எல்லாம் வங்கிக் கணக்கில் தெரியும், கேள்வியும் வரும், அதற்கு முன்பே ஒரு விளக்கம் எழுதி இணைத்துவிடுங்கள். விண்ணப்பத்தில் "எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது" என்று பொதுவாக எழுதுவதால் பயனில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடம் எங்கே, மருத்துவமனை எங்கே, வேலை எங்கே, ஏன் இந்த வட்டாரத்தை விட்டுப் போக முடியாது, வரம்புக்குள் வீடு தேடி யார் யாரிடம் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். மறுத்தால் மறுபரிசீலனை கேளுங்கள். வட்டிக்கு வாங்கி வாடகை கட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அடுத்த மாதமும் அதே துண்டு விழும், வட்டியும் கூடவே இருக்கும்.

நோட்டீஸ் வந்தால்

வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள். நோட்டீஸ் என்பது தொடக்கம்தான். அதன் பிறகு நீதிமன்ற வழக்கு, உத்தரவு, பிறகு பெய்லிஃப் (உத்தரவை நிறைவேற்றி வெளியேற்ற வரும் நீதிமன்ற அலுவலர்). லாட்ஜராக இல்லாத எந்த வாடகைக்காரரையும் இந்தப் படிகள் இல்லாமல் வெளியேற்றுவதும், பூட்டை மாற்றுவதும், மின்சாரத்தை நிறுத்துவதும் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி நடந்தால் போலீஸையும் கவுன்சிலையும் உடனே கூப்பிடுங்கள். காரணம் சொல்லாமல் கொடுக்கும் செக்‌ஷன் 21 நோட்டீஸ் 2026 மே 1 முதல் இல்லை. அதற்குப் பிறகு வீட்டை விற்க வேண்டும், பாக்கி மூன்று மாதமாகிவிட்டது போன்ற காரணம் வேண்டும், விற்பதற்கென்றால் நான்கு மாத அவகாசமும் வேண்டும்.

நோட்டீஸ் வந்த நாளிலிருந்தே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட ஆலோசனை கிடைக்கும். ஹவுசிங் லாஸ் ப்ரிவென்ஷன் அட்வைஸ் சர்வீஸ் என்று பெயர். நீதிமன்றத்தில் வழக்கு நாளன்றும் அங்கேயே வழக்கறிஞர் இருப்பார். கடிதத்தைப் பார்த்துப் பயந்து நீதிமன்றத்துக்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் நடக்கக்கூடியதிலேயே மோசமானது, போகாத வழக்கில் வீட்டுக்காரர் சொல்வது மட்டும்தான் பதிவாகும். வீட்டுப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை தரும் ஷெல்டர் அமைப்பின் இலவச உதவி எண் 0808 800 4444.

கவுன்சிலில்

56 நாளுக்குள் வீடு போகும் அபாயம் இருந்தால், 2018 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, அதைத் தடுக்கக் கவுன்சில் உதவியாக வேண்டும். உங்களோடு பேசி, என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு திட்டத்தை எழுத்தில் தர வேண்டும். தொலைபேசியில் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். இணையத்தில் விண்ணப்பித்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, மெயிலும் அனுப்புங்கள்: "நான் வீடிழந்தோர் உதவிக்கு விண்ணப்பிக்கிறேன்" என்ற வரி அதில் இருக்க வேண்டும்.

"பெய்லிஃப் வரும்வரை இருங்கள், அப்புறம் வாருங்கள்" என்பார்கள். இதை எல்லோருக்கும் ஒரே விதியாகச் சொல்லக் கூடாது என்று அரசின் வழிகாட்டுக் குறிப்பே சொல்கிறது. எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். பலமுறை அந்த ஒரு கேள்வியிலேயே பேச்சின் தொனி மாறிவிடும்.

பிள்ளைகள், கர்ப்பம், நோய் அல்லது வயதால் தளர்ந்த நிலை, குடும்ப வன்முறை இவற்றில் ஒன்று இருந்தால் முன்னுரிமை. இருக்க இடமே இல்லையென்றால் அன்று இரவே இடம் தர வேண்டும். குடும்பத்தை பி அண்ட் பி விடுதியில் ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஆறாவது வாரத்தில் அந்தத் தேதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தனி ஆளுக்கு முன்னுரிமை கிடைப்பது கடினம், ஆனால் அவருக்கும் திட்டமும் உதவியும் உண்டு. உங்கள் பக்கத்து மருத்துவக் கடிதங்களை முதல் நாளே கொடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். பத்து வயது மகளை உட்கார வைத்து, "அப்பா ஏன் வாடகை கட்டவில்லை" என்று அதிகாரி கேட்பதை அவள் வாயால் மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவளுக்கு அது தேவையில்லாத பாரம், விவரங்களும் தப்பிப் போகும்.

தள்ளி எங்கேயோ ஒரு இடத்தைக் காட்டினால், கோபத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தால், கவுன்சில் தன் கடமை முடிந்துவிட்டது என்று கையைக் கழுவிவிடலாம். வீடு தந்தாக வேண்டும் என்ற முதன்மைக் கடமையின் கீழ் கவுன்சில் தரும் இடத்தை ஏற்றுக்கொண்டு, அது பொருத்தமில்லை என்று மறுபரிசீலனையும் கேட்க முடியும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். மறுபரிசீலனைக்கு முடிவு தெரிந்த நாளிலிருந்து 21 நாள்தான். நீங்களே வேண்டுமென்று வீட்டை இழந்தீர்கள் என்றோ முன்னுரிமை இல்லை என்றோ வரும் கடிதத்துக்கும் அதே 21 நாள், அதனால் கடிதம் வந்த அன்றே தேதியை மேலே எழுதி வைத்துவிட்டு, அன்றைக்கே ஷெல்டருக்கோ சிட்டிஸன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்புக்கோ பக்கத்து லா சென்டருக்கோ (சட்ட உதவி மையம்) அழையுங்கள்.

வீட்டுச் சாமான்களை என்ன செய்வது என்று கடைசி நாளில்தான் யோசிப்பார்கள். தற்காலிக இடத்தில் கட்டிலுக்கே இடம் இருக்காது. சாமான்கள் தொலைந்துபோகும் அபாயம் இருந்து, உங்களால் பார்த்துக்கொள்ள முடியாது என்றால், தற்காலிக இடம் தரும் கடமை இருக்கும்வரை அவற்றைப் பாதுகாப்பதும் கவுன்சிலின் பொறுப்பு, அதற்குக் கட்டணம் கேட்கலாம். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ்கள், வாடகை ஒப்பந்தம், நோட்டீஸ், மருந்துச் சீட்டுகள் மட்டும் எந்தப் பெட்டிக்குள்ளும் போகாமல் உங்கள் தோள்பையில் இருக்கட்டும்.